ரேடியோ விமானக் கிட்: ஒவ்வொரு மாற்றத்துக்கும் எத்தனை கிராம்?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பால்சா என்ற லேசான மரத்தாலான கிட் வாங்கி விமானம் கட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்றுதான். வரைபடத்தில் உள்ளபடியே கட்டினோம், சில இடங்களில் இன்னும் உறுதியாகவே கட்டினோம், அப்படியும் மைதானத்தின் கடைசிவரை ஓடித்தான் எழும்புகிறது, முதல் திருப்பத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்து விழுகிறது, ஏன்? பெரும்பாலும் பழி மோட்டார்மேல் விழும். அடுத்த வாரமே பெரிய மோட்டார் வாங்குவார்கள், விமானம் முன்பைவிட மோசமாகப் பறக்கும். குற்றம் அந்த 'இன்னும் உறுதியாக' என்பதில் இருக்கிறது.

கணக்குக்கு வசதியாக ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். மேல் இறக்கைப் பயிற்சி விமானம். இறக்கை நீளம் 1,550 மி.மீ., அகலம் 270 மி.மீ. பரப்பு ஏறத்தாழ 41.8 சதுர டெசிமீட்டர். கவனமாகக் கட்டினால் பேட்டரியோடு 1,950 கிராமில் முடிக்கலாம்.

## எடை கூடினால் என்ன ஆகும்?

இறக்கை தாங்கும் எடையை அதன் பரப்பால் வகுத்தால் வருவது இறக்கைச் சுமை. 1,950 கிராமுக்கு இது சதுர டெசிமீட்டருக்கு 47 கிராம். புதிதாகக் கற்பவர் சமாளிக்கக்கூடிய அளவு. அதே விமானம் 2,400 கிராம் ஆனால் 57.

வேகம் குறையக் குறைய இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தை உயர்த்தித்தான் விமானத்தைத் தூக்கிப் பிடிக்க முடியும். அந்தக் கோணம் ஒரு எல்லையைத் தாண்டியதும் காற்று இறக்கையின் மேற்பரப்பைவிட்டுப் பிரிந்துவிடும், தூக்குவிசை சரியும். இதுதான் ஸ்டால். நம் விமானம் வேலூர் மே மாதக் காற்றில் 1,950 கிராமில் மணிக்கு 30 கி.மீ. அளவில் ஸ்டால் ஆகும். 2,400 கிராமில் 33 கி.மீ.-க்கு மேல்.

மூன்று கி.மீ.தானே என்று தோன்றும். தரையில் மோதும் ஆற்றல் எடையையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. ஸ்டால் வேகத்தின் இருமடி எடையோடு நேராகக் கூடுவதால், இறங்கும்போது இருக்கும் ஆற்றல் எடையின் இருமடியாக ஏறும். எடை 23 சதவீதம் கூடினால் ஆற்றல் 51 சதவீதம் கூடும். உடையாமல் இருக்க என்று சேர்த்த மரமே விமானத்தை இன்னும் கடுமையாக உடைக்கிறது.

மேலும் ஒரு காரணம் சட்டத்தில் இருக்கிறது. ரேடியோ விமானத்துக்கும் பொருந்தும் 2021 ட்ரோன் விதிகளில் எடைப் பிரிவு உண்டு: 250 கிராம்வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோவரை மைக்ரோ, அதற்கும் மேல் 25 கிலோவரை ஸ்மால். நானோ வகைக்கும், வணிக நோக்கமின்றி இயக்கும் மைக்ரோ வகைக்கும் ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை என்கின்றன விதிகள். 1,950 கிராம் விமானம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். 2,400 கிராம் விமானம் அந்தப் பக்கம். பயிற்சிக்கும் பொழுதுபோக்குக்கும் கண்பார்வை தூரத்துக்குள் இயக்கும் மாதிரி விமானத்துக்கு வகைச் சான்றிதழ் வேண்டாம் என்பது தனிச் சலுகை. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

## எடை எங்கே உட்காருகிறது?

ஈர்ப்பு மையம், பேச்சு வழக்கில் சிஜி, இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 25 முதல் 33 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 270 மி.மீ. அகலத்துக்கு அது 68 முதல் 89 மி.மீ. முதல் பறப்புக்கு 75 மி.மீ. நல்ல இடம்.

சிஜி-யிலிருந்து வால் ஏறத்தாழ 750 மி.மீ. தள்ளி இருக்கிறது, மூக்கில் எடை வைக்கக்கூடிய இடம் 280 மி.மீ. தூரத்தில். சீசா பலகையின் நீண்ட பக்கத்தில் உட்கார்ந்த குழந்தையைப் போல, வாலில் உள்ள சிறு எடை மூக்கில் பெரிய எடையைக் கேட்கும். வாலில் 30 கிராம் எபாக்சிப் பசை பூசினால் சமன் செய்ய மூக்கில் 80 கிராம் ஈயம் வைக்க வேண்டும். மொத்தம் 110 கிராம், ஒரு கிராமும் பறப்புக்கு உதவாதது.

ஆகவே எந்த மாற்றத்தைத் தொடும் முன்பும் கேட்க வேண்டியவை இரண்டு:

1. இது எத்தனை கிராம்?
2. சிஜி-யிலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம்?

மீன் கடைத் தராசு போதாது. ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறை டிஜிட்டல் தராசு வேண்டும். கிட்டைப் பிரித்த அன்றே ஒவ்வொரு மரத்தகட்டையும் நிறுத்துவிடுங்கள். பால்சாவின் அடர்த்தி ஒரே சீராக இருப்பதில்லை. 3 மி.மீ. கனம், 100 மி.மீ. அகலம், ஒரு மீட்டர் நீளமுள்ள இரண்டு தகடுகளில் ஒன்று 36 கிராமும் மற்றொன்று 60 கிராமும் இருக்கலாம். எடை குறைந்தவை வாலுக்கு, கனத்தவை மூக்குப் பகுதிக்கும் இறக்கை நடுவுக்கும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

## இறக்கை: உறுதி எங்கிருந்து வருகிறது?

இறக்கையின் நீளவாட்டில் மேலும் கீழும் ஓடும் இரண்டு குச்சிகள் ஸ்பார். குறுக்கே நிற்கும் வடிவத் தகடுகள் ரிப். மேல் ஸ்பாரையும் கீழ் ஸ்பாரையும் ரிப்களுக்கு இடையே இணைக்கும் மெல்லிய தகடு ஷியர் வெப். புதியவர்கள் அலட்சியமாக ஒட்டுவது இதைத்தான். இறக்கை மடிவதும் பெரும்பாலும் இங்கேதான்.

விமானத்தைச் செங்குத்தாக மேலே இழுக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையும். மேல் ஸ்பார் நசுங்கப் பார்க்கும், கீழ் ஸ்பார் இழுபடும். இரண்டும் தனித்தனியாக நழுவாமல் பிடித்தால்தான் இரண்டும் சேர்ந்து ஒரே விட்டமாக வேலை செய்யும். வெப்பின் மர நார் செங்குத்தாக, மேலிருந்து கீழாக, ஓட வேண்டும். தகட்டை நீளவாக்கில் வெட்டுவது சுலபம் என்பதால் பலர் நாரைக் கிடைமட்டமாக வைத்து ஒட்டிவிடுவார்கள். அப்படி ஒட்டிய தகட்டைக் கையில் எடுத்து மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள், நாரின் வழியே பிளந்துவிடும். 1.5 மி.மீ. பால்சா வெப் சரியான நாரில், ஸ்பாரோடு இடைவெளியில்லாமல் ஒட்டினால் முழு இறக்கைக்கும் சில கிராம்தான். அதே உறுதிக்காக இறக்கை முழுதும் கண்ணாடி இழைத் துணி போட்டால், சதுர மீட்டருக்கு 50 கிராம் துணியும் அதே அளவு ரெசினும் சேர்ந்து 80 கிராமைத் தாண்டும்.

கட்டும் பலகை கோணலானால் இறக்கையும் கோணல். பிளஷ் டோர் கதவுத் துண்டு நன்றாக உதவும். ஊசி இறங்க அதன்மேல் மென்பலகை. இறக்கை நுனியில் பின்விளிம்பை 9 மி.மீ. உயர்த்திக் கட்டினால் ஏறத்தாழ 2 டிகிரி முறுக்கு கிடைக்கும். இதை வாஷ்அவுட் என்பார்கள். நுனிக்கு முன் நடுப்பகுதி ஸ்டால் ஆகும் என்பதால் விமானம் ஒருபக்கமாகப் புரளாமல் மூக்கை மட்டும் தாழ்த்தும். எடை கூட்டாத மாற்றங்களில் இதற்கு இணையில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

பசை பற்றிச் சுருக்கமாக. பால்சாவுக்கு வெள்ளை ஃபெவிகால் போதும், லேசானது, உலர நேரம் எடுக்கும். ஃபெவிக்விக் வகை உடனடிப் பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும். தெர்மாகோல் நடுவுள்ள இறக்கையில் அதைத் தொடக்கூடாது. எபாக்சியை ஃபயர்வாலுக்கும் (மோட்டார் பொருத்தும் முன்தகடு) இறக்கை இணைப்புக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் எபாக்சி டப்பாவில் எழுதியுள்ள நேரத்துக்கு முன்பே இறுகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கவும்.

## எரிபொருளிலிருந்து மின்சாரத்துக்கு

பல கிட்களின் வரைபடம் இன்றும் 6.5 சி.சி. குளோ இன்ஜினுக்கு வரையப்பட்டது. அந்த எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால். தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் தேவை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். வீட்டில் ஒரு கேன் வைத்துக்கொள்ளும் எண்ணத்தை விட்டுவிடலாம். ஆகவே மின்மோட்டாருக்கு மாற்றுவது இங்கே விருப்பம் அல்ல, கிட்டத்தட்டக் கட்டாயம்.

பாகங்களை வாங்கும் வழியிலும் ஒரு சிக்கல். 2022 பிப்ரவரி 9 அன்று வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் ட்ரோன்களை முழுதாகவோ பிரித்த நிலையிலோ இறக்குமதி செய்யத் தடை விதித்தது. தனித்தனிப் பாகங்களுக்குத் தடை இல்லை. எல்லாம் சேர்ந்த வெளிநாட்டுப் பெட்டி சுங்கத்தில் மாட்டிக்கொள்ள இடமுண்டு. உள்நாட்டில் லேசரில் வெட்டிய மரக் கிட்டும் தனியாக வாங்கிய மின்பாகங்களும்தான் தலைவலி இல்லாத வழி.

மோட்டார் தேர்வின் கணக்கு:

1. பயிற்சி விமானத்துக்குக் கிலோவுக்கு 200 முதல் 250 வாட். 1.95 கிலோவுக்கு 400 முதல் 490 வாட்.

2. பேட்டரி 4எஸ் லிப்போ, அதாவது நான்கு செல்லுள்ள லித்தியம் பாலிமர். பெயரளவு மின்னழுத்தம் 14.8 வோல்ட். 3,300 எம்ஏஎச் பேட்டரி 340 கிராம் அளவில் இருக்கும்.

3. கேவி என்பது சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் சுற்றும் வேகம். 800 கேவி மோட்டார் 14.8 வோல்ட்டில் நிமிடத்துக்கு 11,840 சுற்று. பிராப், அதாவது முன்விசிறி, மாட்டினால் அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல், ஏறத்தாழ 9,100.

4. 12×6 பிராப் என்றால் 12 அங்குல விட்டம், ஒரு சுற்றுக்கு 6 அங்குல முன்னேற்றம். 9,100 சுற்றில் அது மணிக்கு 83 கி.மீ. ஸ்டால் வேகத்தைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தால் போதும், இருக்கிறது.

5. இந்த அமைப்பு 34 ஆம்பியர் அளவில் இழுக்கும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அதாவது ஈஎஸ்சி, 60 ஆம்பியர் இருக்கட்டும்.

மேலே சொன்னவை காகிதக் கணக்கு. வாட் மீட்டரை இடையில் மாட்டி, விமானத்தைக் கட்டிவைத்து, முழு விசையில் பத்து விநாடி ஓட்டிப் பார்க்காமல் பறக்கவிடக்கூடாது. 'இழுவை பத்தவில்லை' என்று 12 அங்குலத்தை 13 ஆக்குவது வழக்கமான தவறு. பிராப் உறிஞ்சும் திறன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். ஒரு அங்குலம் கூடினால் சுமை 38 சதவீதம் கூடும். சுற்று சற்றுக் குறைந்தாலும் 34 ஆம்பியர் 45-ஐ நெருங்கும்.

இன்ஜின் இருந்த இடத்தில் மோட்டார் குட்டையாக இருக்கும். அலுமினியத் தூண்கள் வைத்து, பிராப் வரைபடத்தில் இருந்த அதே இடத்துக்கு வரும்படி நீட்டுங்கள். மோட்டாரை 2 டிகிரி கீழும் 2 டிகிரி வலப்பக்கமும் சாய்த்தால் விசை கூட்டும்போது மூக்கு ஏறுவதும் இடப்பக்கம் இழுப்பதும் குறையும். டேங்க் இருந்த அறை பேட்டரிக்குச் சரியாகப் பொருந்தும். ஆனால் மேலே திறக்கும் மூடி வெட்ட வேண்டும். மூடிக்காகச் சட்டத்தின் குறுக்குத் தகடு ஒன்றை எடுத்தால், திறப்பின் ஓரத்தில் 6 மி.மீ. சதுரக் குச்சி ஒட்டி ஈடுகட்டுங்கள். பேட்டரித் தட்டை முன்னும் பின்னும் 40 மி.மீ. நகர்த்தும்படி நீளமாக வைத்தால் சிஜி-க்காக ஈயமே தேவைப்படாது. காற்று நுழையும் துளையைப்போல வெளியேறும் துளை இரண்டு மடங்கு இருக்க வேண்டும். உள்ளே விட்ட காற்று போக வழியில்லையென்றால் முன்னால் எவ்வளவு பெரிய துளை போட்டும் பயனில்லை.

## சத்தமில்லாமல் விமானத்தை விழவைப்பது

விமானம் நன்றாகப் பறந்துகொண்டிருந்து ஐந்தாவது நிமிடத்தில் கட்டுப்பாடு முழுவதும் போய் விழுந்தால், ரேடியோவில் குறுக்கீடு என்று சொல்வது வழக்கம். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் அது அரிது. முதலில் சந்தேகிக்க வேண்டியது பிஇசி.

ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் (இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் சிறு மோட்டார்கள்) 5 வோல்ட் கொடுக்கும் பகுதி அது. ஈஎஸ்சி-க்கு உள்ளேயே இருக்கும். மலிவானவற்றில் லீனியர் வகை. அது மிச்ச வோல்ட்டைச் சூடாக்கித்தான் கழிக்கும். முழுதாகச் சார்ஜ் ஆன 4எஸ் 16.8 வோல்ட், 5 வோல்ட் போக 11.8 வோல்ட் மிச்சம். நான்கு சர்வோ சேர்ந்து ஒரு ஆம்பியர் இழுத்தால் ஏறத்தாழ 12 வாட் சூடு, தீப்பெட்டி அளவுச் சில்லில். வெளியே 40 டிகிரி, உள்ளே காற்றோட்டம் இல்லை. சில்லு தன்னைக் காத்துக்கொள்ள மூடிக்கொள்ளும், ரிசீவர் அணையும். தரையில் விழுந்தபின் ஆறியதும் எல்லாம் ஒழுங்காக வேலை செய்வதால் காரணம் பிடிபடாது. தீர்வு: ஸ்விட்சிங் வகைத் தனி பிஇசி, 5 வோல்ட் 5 ஆம்பியர், ஏறத்தாழ 15 கிராம். ஈஎஸ்சி-யிலிருந்து வரும் மூன்று கம்பியில் சிவப்பைக் கழற்றித் தனியே காப்பிட்டுவிட வேண்டும். எடை கூட்டும் மாற்றங்களில் யோசிக்காமல் செய்யவேண்டியது இது ஒன்றுதான்.

## வேலூர் வெயிலும் தரையும்

டிசம்பர் காலை 20 டிகிரியில் இங்கே காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.18 கிலோ அளவில். மே பிற்பகல் 41 டிகிரியில் 1.09. எட்டு சதவீதக் குறைவு. அதே சுற்றில் பிராப் தரும் விசையும் அதே அளவு குறையும், ஸ்டால் வேகம் 4 சதவீதம் ஏறும். டிசம்பரில் சரியாக எழும்பிய விமானம் மே மாதம் சோம்புவதற்கு மோட்டார் காரணமல்ல. பாறைக் குன்றுகள் காய்ந்து எழுப்பும் வெப்பக் காற்று வேறு மதியத்தில் விமானத்தைக் குலுக்கும். காலை 6 முதல் 8 மணிக்குள் முடித்துக்கொள்வதே புத்தி.

இஸ்திரிப்பெட்டிச் சூட்டில் ஒட்டும் மேலுறைத் தாள் முழு விமானத்துக்கும் 100 கிராம் அளவு. கருநிறத் தாள் வெயிலில் அதிகம் சூடாகித் தொய்யும், தொய்ந்த இறக்கை முறுக்கிக்கொள்ளும். மேலே வெள்ளை அல்லது மஞ்சள், அடியில் அடர்நிறம். வானத்தில் எந்தப் பக்கம் மேல் என்பதும் தெரியும். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் இறக்கையை ஒருமுறை கண்மட்டத்தில் பிடித்து முறுக்கு பார்த்து, தேவையானால் திருப்பிப் பிடித்துச் சூடு காட்டுங்கள்.

லிப்போ பேட்டரியை மூடிய காரில் வெயிலில் விட்டால் உப்பிவிடும். பறந்து வந்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் கூடாது. வாரக்கணக்கில் வைப்பதென்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்.

பாலாற்று மணலும் காய்ந்த ஏரித் தரையும் கிட்டோடு வரும் 57 மி.மீ. சக்கரத்துக்கு ஆகாது. 75 மி.மீ. நுரைச் சக்கரம் போடுங்கள். மூக்குச் சக்கரக் கம்பி கல்லில் இடறி வளைவதோடு ஃபயர்வாலையும் பிடுங்கும். அதை எடுத்துவிட்டு வால்சக்கர வகையாக மாற்றுவது இந்தத் தரைக்கு நல்ல மாற்றம், எடையும் குறையும். முதன்மைச் சக்கரத்தின் அச்சு சிஜி-க்கு முன்னால் வரவேண்டும். சிஜி தரையிலிருந்து 200 மி.மீ. உயரத்தில் என்றால் அச்சு 55 முதல் 70 மி.மீ. முன்னால். பின்னால் தள்ளினால் விமானம் மூக்குக் குப்புற விழும். அதிகம் முன்னால் வைத்தால் ஓட்டத்தில் சுழலும். ஏரி அரசு நிலம் என்பதையும், மேயும் ஆடுகள் ஓடுபாதையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இடம் தேர்ந்ததும் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் ட்ரோன் வரைபடத்தில் நிறம் பாருங்கள். பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் உயரம்வரை; இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையுள்ள இடத்தில் 60 மீட்டர்வரை. அப்துல்லாபுரம் விமான நிலையம் வேலூருக்கு ஒட்டியே இருக்கிறது. அரக்கோணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி தளம். வரைபடம் மாறக்கூடியது என்பதால் போகும் அன்றே பார்ப்பது முறை.

## முதல் பறப்புக்கு முன்னும் பின்னும்

1. அய்லெரான் (இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு) திசை: விமானத்தின் பின்னால் நின்று குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது அய்லெரான் மேலே எழ வேண்டும். சர்வோவை மாற்றிய ஒவ்வொரு முறையும் பாருங்கள்.
2. அசைவளவு: அய்லெரான் மேலே 10, கீழே 6 மி.மீ.; எலிவேட்டர் (வாலின் கிடைமட்ட மடிப்பு) இருபக்கமும் 12 மி.மீ. அய்லெரானில் கீழ் அசைவு குறைவாக இருந்தால்தான் திருப்பத்தில் மூக்கு எதிர்ப்பக்கம் இழுபடாது.
3. ஃபெயில்சேஃப்: பிராப்பைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டார் நிற்க வேண்டும்.
4. நேரம்: 3,300 எம்ஏஎச்-இல் 80 சதவீதத்தைச் சராசரி 17 ஆம்பியரில் செலவிட்டால் 9 நிமிடம். டைமரை 7-இல் வையுங்கள்.

பறந்தபின் சிஜி-யைச் சரிபார்க்க, நல்ல உயரத்தில் குச்சியைத் தொடாமலே நேராகப் பறக்கும்படி டிரிம் செய்து, மோட்டாரை அணைத்து, 45 டிகிரி கீழ்நோக்கி இறக்கி எலிவேட்டரை விடுங்கள். விமானம் தானாக வேகமாக மூக்கைத் தூக்கினால் முன்கனம். மெதுவாகத் தூக்கினால் சரி. மேலும் செங்குத்தாக இறங்கப் பார்த்தால் பின்கனம், உடனே இறக்கிவிடுங்கள். பேட்டரியை ஒரு தடவைக்கு 5 மி.மீ. மட்டும் நகர்த்தி, தட்டின்மேல் பேனாவால் கோடு போட்டு, மீண்டும் பாருங்கள்.